சாம்பிராணிக்கு வந்த பழி

என்ர வீட்டுப் புகையாலதான் என்ர மனுசனுக்கு மூச்சுக்குள்ள கரி போகுதாம். இதை ஆர் சொன்னது? டொக்டர் இல்லை. நேர்ஸ் இல்லை. மெசின் வித்த கடையில வேலை செய்யிற ஒரு பெடியன். சப்பாத்தைக்கூடக் கழட்டாமல் என்ர சாமியறை வாசல் மட்டும் வந்து, மூக்கை உறிஞ்சி மணந்து பார்த்திட்டு, "அன்ரி, பிரச்சினை எங்க எண்டு கண்டுபிடிச்சிட்டன்" எண்டான். சொல்லேக்க ஒரு சிரிப்பு வேற. அந்தச் சிரிப்பை நினைச்சால் இண்டைக்கும் எனக்கு வயிறு பத்தி எரியுது.

நான் இரத்தினேஸ்வரி. திருகோணமலை டவுனுக்குள்ள, கடற்கரையில இருந்து ரெண்டு ஒழுங்கை தள்ளித்தான் எங்கட வீடு. என்ர மனுசன் யோகராசா துறைமுகத்தில இழுவைப் படகு ஓட்டுறவர். பெரிய கப்பல் உள்ளுக்க வந்தால் அதை இழுத்துத் தள்ளி ஜெற்றியோட அணைச்சு விடுறது அந்தச் சின்னப் படகுதான். கரையில நிண்டு பார்க்கிற ஆக்களுக்கு லேசான வேலையாத் தெரியும். கப்பலுக்கும் ஜெற்றிக்கும் நடுவில நிக்கிற படகில ஓட்டுறவர் ஒருக்கால் கண்ணயர்ந்தால் என்ன நடக்குமெண்டு யோசிச்சுப் பாருங்கோ. படகில இருக்கிற மற்றப் பெடியளின்ர உயிரும் அவற்ற கண்ணிலதான் இருக்கு.

அப்பிடிப்பட்ட மனுசனுக்குத்தான் நித்திரையில மூச்சு நிக்கிற வருத்தம் வந்தது.

கனகாலமா அதை வெறும் குறட்டை எண்டுதான் நினைச்சனாங்கள். பக்கத்து வீட்டு ஆக்கள் பகிடி பண்ணுவினம், "என்ன அக்கா, யோகண்ணை நேற்று படகை வீட்டுக்கே கொண்டு வந்திட்டாரோ, எஞ்சின் சத்தம் கேட்டுது" எண்டு. நானும் சேர்ந்து சிரிப்பன். பிறகுதான் கவனிச்சன், அந்தச் சத்தம் இடையில டக்கெண்டு நிக்கும். நெஞ்சு எழும்பும், வயிறு எழும்பும், ஆனால் காத்து உள்ளுக்குப் போகாது. வாய் திறந்தபடி கிடக்கும். நான் எழும்பி இருந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பன். பிறகு தண்ணிக்குள்ள தாண்ட ஆள் மேல வாற மாதிரி ஒரு இழுவை இழுத்து மூச்சு வரும். வராட்டில் தோளில ஒரு தட்டுத் தட்டுவன். இப்பிடி ஒருத்தி எத்தினை வருசம் காவல் இருக்கிறது? அவருக்கெண்டால் ஒண்டும் தெரியாது. விடிய எழும்பி, "என்னப்பா, கண்ணெல்லாம் வீங்கிக் கிடக்கு, நீ நித்திரை கொள்ளேல்லையோ?" எண்டு என்னைக் கேப்பார். கேக்கிற ஆளைப் பாருங்கோ!

கடைசியில ஆஸ்பத்திரியில காட்டினம். நித்திரை கொள்ளேக்க தொண்டை ஒட்டிப் போகுது, அதாலதான் மூச்சு நிக்குது எண்டு டொக்டர் சொன்னார். மூக்கில மாஸ்க்கைப் போட்டு மெசினால காத்து அடிச்சுக்கொண்டே இருந்தால் தொண்டை ஒட்டாதாம். ஆனால் நித்திரை கொள்ளுற நேரமெல்லாம் போடவேணும், உயிருள்ள மட்டும் போடவேணும்.

அந்த மெசின் விக்கிற கடை ஓர்ஸ் ஹில்லில இருக்கு. பேரைச் சொல்லி நான் அவைக்கு விளம்பரம் குடுக்க மாட்டன். கண்ணாடிக் கதவு, உள்ளுக்க ஏசி, சுவரில ஒரு வெள்ளைக்காரன் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு சிரிச்சபடி நித்திரை கொள்ளுற பெரிய படம். அந்த மாஸ்க்கைப் போட்டால் ஒருத்தருக்கும் சிரிக்க ஏலாது எண்டது போட்ட ஆக்களுக்குத் தெரியும். அதை நாங்கள் எப்பிடி வாங்கினம் எண்ட கதையை விடுங்கோ, அது வேற கதை.

ஆனால் உள்ளதைச் சொல்லவேணும். முதல் கொஞ்ச மாசம் அந்த மெசினை நான் கையெடுத்துக் கும்பிட்டனான். என்ர மனுசன் குழந்தைப் பிள்ளை மாதிரி நித்திரை கொண்டார். நானும் கொண்டன். ஐயோ, நித்திரை எண்டால் என்னெண்டு எனக்கு மறந்தே போயிருந்தது! அவர் வேலைக்குப் போகேக்க பாட்டுப் படிச்சுக்கொண்டு போனார். எனக்கு எரிச்சல் வாறதும் குறைஞ்சு போச்சு, அதைச் சொன்னது ஒழுங்கையில இருக்கிற சனம்.

பிறகுதான் கறுப்பு வந்தது.

ஒருநாள் விடிய மாஸ்க்கைத் துடைக்கேக்க துணியில கறுப்புத் துகள் ஒட்டியிருந்தது. ரவையை விடச் சின்னன். அடுத்த நாளும் இருந்தது. பிறகு அவற்ற மீசையிலயும் கண்டன். முகம் கழுவேக்க மூக்கைச் சீறினால் அதிலயும் கறுப்பு. மாஸ்க்கிலயும் மீசையிலயும் ஒட்டினது இவ்வளவெண்டால் உள்ளுக்க போனது எவ்வளவு?

கடைக்குப் போன் அடிச்சன். "டெக்னீசியன் கொழும்புக்குப் போட்டார் அன்ரி." பிறகும் அடிச்சன். "லைனில நில்லுங்கோ அன்ரி" எண்டு சொல்லி ஒரு பாட்டைப் போட்டு விட்டினம். அந்தப் பாட்டு எனக்கு இப்ப முழுக்கப் பாடம். பாட்டு முடிய லைன் கட்டாயிடும். விக்கேக்க மட்டும் வீட்டுக்கு வந்து, கட்டிலடியில முழங்காலில இருந்து, மாஸ்க்கை அவற்ற முகத்துக்குப் பூட்டி, "அங்கிள், என்ன நேரமெண்டாலும் கூப்பிடுங்கோ" எண்டு சொன்ன ஆக்கள்தானே! கோதாரி, அந்த நம்பரும் பிறகு வேலை செய்யேல்லை.

நான் விடேல்லை. அடிச்சு அடிச்சு அவையின்ர காதைத் துளைச்ச பிறகு லதீசன் எண்ட இந்தப் பெடியன் வந்தான். பெடியன் எண்டாலும் கடையில அவன்தான் மனேச்சர், அவன்தான் டெக்னீசியன், அவன்தான் எல்லாம். முதலாளி கொழும்பில. வந்தவன் மெசினைத் திறந்து பார்க்கேல்லை. "திறந்து பாருங்கோவன் தம்பி" எண்டு நான் சொல்ல, "திறந்தால் வொறன்ரி போயிடும் அன்ரி" எண்டான். பிறகு வீட்டைச் சுத்திப் பார்க்கத் தொடங்கினான். குசினியை எட்டிப் பார்த்தான். யன்னலில விரலை வைச்சுத் தேய்ச்சுப் பார்த்தான். மெசினில வருத்தம், இவன் வீட்டுக்கு வைத்தியம் பார்க்கிறான்!

அண்டைக்கு வெள்ளிக்கிழமை. நான் அப்பதான் விளக்கேத்தி, சிரட்டைத் தணலில சாம்பிராணி போட்டு, அறை அறையாக் காட்டி முடிச்சனான். வீடெல்லாம் மணம். அவன் சாமியறை வாசலில நிண்டு அந்த மூக்கு உறிஞ்சலைச் செய்தான்.

"இந்தப் புகைதான் அன்ரி. மெசின் அறைக் காத்தைத்தானே இழுக்குது? புகையில இருக்கிற கரியையும் சேர்த்து இழுக்குது. அதுதான் மாஸ்க்கில வருது."

"வெள்ளியில மட்டுந்தானே தம்பி காட்டுறனான்?"

"ஒரு நாள் காணும் அன்ரி. இதை விட்டுப் பாருங்கோ, எல்லாம் சரியாகும்."

என்ர மனுசன் உடன தலையை ஆட்டினார். அவருக்கு ஆர் என்ன சொன்னாலும் சரி. "படிச்ச பெடியன் சொல்லுறான், ஈஸ்வரி. விட்டுப் பார்ப்பம்" எண்டார். அவற்ற மூச்சுக்கு முன்னால நான் என்ன வாதாடுறது? கலியாணம் கட்டி வந்த நாள் தொட்டு ஒரு வெள்ளி தவறாமல் காட்டின சாம்பிராணியை விட்டன். கடல் பொங்கி அடிச்ச காலத்திலயும், ஷெல்லடிக்குப் பயந்து கோயில் மண்டபத்தில கிடந்த காலத்திலயும் நான் விடேல்லை. யுத்தம் விடப்பண்ணாததை இவன் ஒரு மூக்கு உறிஞ்சலில விடப்பண்ணிப் போட்டான். சாம்பிராணித் தட்டைக் கழுவி அலுமாரிக்கு மேல கவிழ்த்து வைச்சன். வைக்கேக்க கண்ணீர் வந்திட்டுது. சாமி கோவிக்கும் எண்டு இல்லை, ஏதோ என்ர கையை வெட்டின மாதிரி இருந்தது.

சாம்பிராணி நிண்டுது. நுளம்பு வந்துது. கறுப்பு நிக்கேல்லை.

திரும்பக் கூப்பிட்டன். "அப்ப குசினிப் புகையாத்தான் இருக்கும் அன்ரி." மீன் பொரிக்கிறதைக் கொண்டுபோய் வளவுக்குள்ள வைச்சன், மழைக்குள்ள குடை பிடிச்சுக்கொண்டு பொரிச்சன். கறுப்பு வந்துது. "அப்ப துறைமுகத் தூசு அன்ரி, யன்னலைப் பூட்டுங்கோ." பூட்டினம். அவிஞ்சம். கறுப்பு வந்துது. கடைசியா நான் சத்தம் போட்டு, "மெசினை மாத்தித் தாங்கோ" எண்டு கேட்க, லதீசன் ஆறுதலா, சின்னப் பிள்ளைக்குச் சொல்லுற மாதிரிச் சொன்னான்: "புகை போன மெசினுக்கு வொறன்ரி இல்லை அன்ரி. நீங்கள்தானே சாம்பிராணி காட்டினதெண்டு ஒத்துக்கொண்டனீங்கள். நான் கொழும்புக்கு எழுதியும் போட்டன்."

பார்த்தியளோ! ஒத்துக்கொண்டனானாம்! நான் என்ன களவு எடுத்தனானோ? கோட்டுக் கூண்டில நிக்கிற ஆளிட்டக் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறான். போனை வைச்சன். "அறுவான், அவனுக்கு மெசினும் தெரியாது, மனுசரும் தெரியாது" எண்டு குசினிக்குள்ள நிண்டு கத்தினன். என்ர மனுசன் பேப்பரைப் பிடிச்சபடி, "பெடியனைத் திட்டாதை, அவன்ர வேலை அது" எண்டார். அண்டைக்கு அவருக்கும் நல்லாக் கிடைச்சுது.

பிறகு அவரே மாஸ்க்கைக் கழட்டி வைச்சிட்டார். "கரியை இழுக்கிறதை விட குறட்டை விடுறது மேல்" எண்டார். போடுங்கோ எண்டு சொன்னால் கறுப்பு நெஞ்சுக்குள்ள போகுது. போடாதேங்கோ எண்டு சொன்னால் மூச்சு நிக்குது. உங்கட வீட்டில உங்கட மனுசனுக்கு இப்பிடி வந்தால் நீங்கள் எதைச் சொல்லுவியள்? நான் பழையபடி எழும்பி இருந்து காவல் காக்கத் தொடங்கினன்.

அவர் பகலில இருந்த இடத்தில நித்திரை கொள்ளத் தொடங்கினார். சோத்துக் கோப்பைக்கு முன்னால நித்திரை. சலூனில தலைமயிர் வெட்டேக்க நித்திரை. ஒருநாள் வேலையில, படகைத் திருப்பேக்க கண் சொருகி, படகு ஜெற்றியில போய் இடிச்சுப் போட்டுது. டயர் கட்டியிருந்த பக்கத்தில இடிச்சபடியால் ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. கயிறு பிடிச்சுக்கொண்டு நிண்ட பெடியன் மட்டும் தண்ணிக்குள்ள விழுந்து எழும்பி வந்தான். துறைமுகத்துப் பெரியவர் கூப்பிட்டுச் சொன்னாராம், "யோகராசா, இன்னொருக்கால் இப்பிடி நடந்தால் நீர் கரையிலதான். அதுக்குப் பிறகு உம்மைப் படகில ஏத்த மாட்டன்." வீட்டை வந்து அவர் அதைச் சொல்லேக்க அழேல்லை. சேர்ட்டைக் கழட்டாமல் அப்பிடியே கதிரையில இருந்தார். "அந்தப் பெடியன் நீந்தத் தெரிஞ்சவன், ஈஸ்வரி" எண்டு திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த கிளினிக்குக்கு மெசினையும் கொண்டு போனம். எத்தினை மணித்தியாலம் போட்டதெண்டு மெசினில இருக்கிற கணக்கை டொக்டர் பார்க்கிறவர், அதுக்காக எல்லாரும் தூக்கிக்கொண்டுதான் வருவினம். இவர் வேலை முடிஞ்சு நேரா வந்து, வாங்கில என்ர தோளில சாய்ஞ்சு உடன நித்திரை. மற்றப் பக்கம் இருந்த மனுசி கிண்ணியாவில இருந்து வந்தவ, பேர் சுபைதா. அவவுக்கே இந்த வருத்தம். மடியில மெசின் பையை வைச்சுக்கொண்டு இவரைப் பார்த்தா.

"என்ன புள்ள, இவரு மெசின் போடுறல்லையா?"

"போட்டால் கறுப்பு வருது அக்கா. அதான் விட்டிட்டார்."

சுபைதா அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒங்கடயிலயும் வருதா? என்ட மெசின்லயும் வருது. நான்தான் பாவி, வியாழன் பின்னேரத்தில வீட்டுக்கு சாம்பிராணி போடுவன். அதாலதான் கெட்டுப் போச்சாம். கடைக்காரத் தம்பி சொன்ன. இப்ப போடுறல்ல. எங்கட மௌத்தாகிப் போன ஆக்களை நெனச்சிப் போடுறது, புள்ள. வாப்பா கனவுல வந்து கேக்கிற மாதிரி இரிக்கி" எண்டா.

எனக்கு உச்சந்தலையில சூடேறினது. "எந்தத் தம்பி அக்கா? மூக்கை உறிஞ்சுற தம்பியோ?"

"ஓம், அவன்தான்!"

நான் எழும்பினன். நான் எழும்ப இவற்ற தலை வாங்கில டொக்கெண்டு அடிபட்டுது, அதையும் நான் கவனிக்கேல்லை. "இஞ்ச வேற ஆருக்கும் மாஸ்க்கில கறுப்பு வருதோ?" எண்டு கிளினிக் முழுக்கக் கேட்கக் கேட்டன். நேர்ஸ் பிள்ளை, "அம்மா, சத்தம் போடாதேங்கோ" எண்டா. போட்டனான்தான்.

தம்பலகாமத்துக் கமக்காரர் கனகரத்தினம் அண்ணை கையை உயர்த்தினார். அவரிட்ட லதீசன் சொன்னது நெல்லுத் தூசும் டிரக்டர் புகையுமாம். அந்த மனுசன் டிரக்டரைக் கொண்டுபோய் வயல் கரையில இருக்கிற தம்பியாற்ற வளவில விட்டிருக்கிறார். அங்க ஆனை வந்து சீற்றைப் பிய்ச்சுப் போட்டுதாம். நிலாவெளியில ஹோட்டல் குசினியில சமைக்கிற சஜீத் எண்ட தம்பியும் எழும்பினார். அவருக்கு லதீசன் சொன்னது கடல் காத்தில வாற உப்பாம்!

"உப்போ?" எண்டன். "எந்த ஊரில தம்பி உப்புக் கறுப்பு?"

"நானும் கேட்டனான் அக்கா. ஈரத்தில பிடிச்சால் கறுக்குமாம்."

சமையல்காரனுக்கே உப்பைப் பற்றிப் படிப்பிச்சிருக்கிறான்! எனக்கு அண்டைக்குத்தான் எல்லாம் விளங்கினது. எல்லாற்ற மெசினும் ஒரே மெசின், ஒரே கறுப்பு. வீட்டுக்குள்ள வந்து சுத்திப் பார்க்கிறது, அந்த வீட்டில என்ன இருக்கோ அதில பழியைப் போடுறது. சாம்பிராணி இருந்தால் சாம்பிராணி. டிரக்டர் இருந்தால் டிரக்டர். ஒண்டும் இல்லாதவனுக்குக் கடல் இருக்கு. நாங்களும் எங்கட எங்கட வீட்டுக்குள்ள வெக்கப்பட்டுக்கொண்டு, எங்கட பிழை எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறம். சுபைதா அக்கா கனவில வந்த தகப்பனுக்குப் பதில் வேற சொல்லியிருக்கிறா.

டொக்டரும் மெசினைப் பார்த்திட்டு, "இதைப் போடவும் வேண்டாம், மெசின் இல்லாமல் நித்திரை கொள்ளவும் வேண்டாம். கடையில சொல்லி உடன மாத்துங்கோ" எண்டார். நித்திரை கொள்ளவேண்டாமாம்! நல்லவர், அவரால சொல்ல ஏலுமானதைச் சொன்னார்.

நாங்கள் அஞ்சு பேரும் ரெண்டு ஓட்டோ பிடிச்சம். மெசினையும் தூக்கிக்கொண்டு நேரா ஓர்ஸ் ஹில்.

லதீசன் எங்களைக் கண்டவுடன எழும்பினான். முகத்தில அந்தச் சிரிப்பு வந்து பாதியில நிண்டுது. "என்ன அன்ரி, எல்லாரும் ஒண்டா? ஒவ்வொருத்தரா வாங்கோவன்."

"ஒவ்வொருத்தரா வந்துதானே தம்பி இவ்வளவு நாளும் ஏமாந்தனாங்கள்" எண்டன்.

இவர் போய் அந்த வெள்ளைக்காரன் படத்துக்குக் கீழ இருந்த மெத்தைக் கதிரையில இருந்தார். நாங்கள் நாலு மெசினையும் பையால எடுத்து அவன்ர கண்ணாடி மேசையில வரிசையா வைச்சம். அவனிட்ட இருந்த வெள்ளை ரிசுக் கடதாசியையே உருவி, நாலு மாஸ்க்கையும் துடைச்சு, நாலு ரிசுவையும் அவனுக்கு முன்னால விரிச்சன். நாலிலயும் ஒரே கறுப்பு.

"தம்பி, இதில எது சாம்பிராணி, எது டிரக்டர், எது உப்பு? பிரிச்சுச் சொல்லுங்கோ."

அவன் ரிசுவைப் பார்க்கேல்லை. கம்பியூட்டரைப் பார்த்தான். "அன்ரி, இதையெல்லாம் லாப்புக்கு அனுப்பிப் பார்க்கவேணும். கொழும்புக்கு எழுதவேணும்."

"மணந்து பாருங்கோ. சாம்பிராணிக் கரி எண்டால் சாம்பிராணி மணக்கவேணுமே? என்ர சாமியறையில நல்லா மணந்தனீங்கள், இதையும் மணவுங்கோ!"

"மகன்," எண்டா சுபைதா அக்கா, மெதுவா. "என்ட வாப்பாக்கு என்னத்தச் சொல்ற?"

அவனுக்கு அது விளங்கேல்லை. "அம்மா, எல்லாரும் இருங்கோ, தேத்தண்ணி எடுப்பிக்கிறன். மெசின் பழுதெண்டு சும்மா சொல்லேலாது. ஒவ்வொரு மெசினும் ஒவ்வொரு மாதிரிப் பாவிச்சிருக்கிறியள். பாவிக்கிற ஆக்களில பிழை இருந்தால் கொம்பனி பொறுப்பெடுக்காது" எண்டான். வாய் தேங்காய் எண்ணெய் பூசின மாதிரி வழுக்கிக்கொண்டு போகுது. கனகரத்தினம் அண்ணை மேசையில அடிச்சார். சஜீத் தம்பி போனில படம் எடுத்தார். நானும் கத்தினன். எல்லாரும் ஒரே நேரத்தில கத்த, அவனும் கத்தினான்.

அந்தச் சத்தத்துக்குள்ளயும் என்ர காதுக்கு மற்றச் சத்தம் கேட்டுது. பழகின காது. திரும்பிப் பார்த்தன். இவர் கதிரையில தலையைப் பின்னால போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிறகு அது டக்கெண்டு நிண்டுது.

எல்லாரும் ஒவ்வொருத்தரா வாயை மூடினம். ஏசிச் சத்தம் மட்டும் கேட்டுது. இவற்ற நெஞ்சு எழும்பி எழும்பி விழுது, காத்து இல்லை. வாய் திறந்து கிடக்கு. உதடு மங்கத் தொடங்கினது. எங்கள் எல்லாருக்கும் அது தெரிஞ்ச விசயம். சுபைதா அக்கா வாய்க்குள்ள ஓதத் தொடங்கினா. லதீசன் மட்டும் என்ன நடக்குதெண்டு தெரியாமல் எங்கட முகங்களையும் இவற்ற முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். இத்தினை மெசின் வித்தவன், இந்த வருத்தத்தை ஒருநாளும் கண்ணால கண்டதில்லை.

"அன்ரி... அங்கிளுக்கு என்ன? மூச்சு வரேல்லை அன்ரி!"

என்ர கை இவற்ற தோளுக்குப் போயிட்டுது. எத்தினையோ வருசமா போற கை, தானாப் போகும். அதை நான் பிடிச்சு இழுத்தன்.

"ஓம், வரேல்லை. மெசின் போட்டால் வரும்" எண்டன். "நாலு மெசின் உங்கட மேசையில கிடக்கு. எதைப் போடட்டும்? சொல்லுங்கோ தம்பி, எதைப் போடட்டும்?"

"தட்டி எழுப்புங்கோ அன்ரி!"

"எதைப் போடட்டும்?"

அவன் மேசையைச் சுத்தி ஓடி வந்தான். அந்த நாலு மெசினுக்கும் பக்கத்தாலதான் வந்தவன். கை நீட்டினால் எட்டும். ஒண்டையும் தொடேல்லை. கண்ணாடி அலுமாரியைத் திறந்து, மேல்தட்டில இருந்த பெட்டியை இழுத்து விழுத்தி, பல்லால கடிச்சு நாடாவைப் பிய்ச்சு, வேற மெசின் ஒண்டை எடுத்தான். புது மெசின், புது மாஸ்க். குழாயைக்கூடப் பழசில இருந்து கழட்டேல்லை, புதுக் குழாய்தான் எடுத்துப் பூட்டினான். வயரைச் சொருகிக்கொண்டு வந்து இவற்ற மூக்கில மாஸ்க்கை வைச்சு அமத்தினான். இவர் ஒரு பெரிய இழுவை இழுத்தார். காத்து போச்சு. நெஞ்சு நிறைஞ்சுது. பிறகு கண்ணைத் திறந்து, மாஸ்க்குக்குள்ள இருந்தபடி சொன்னார், "ஈஸ்வரி, இது எங்கட இல்லையே. பழசில வாற மணம் இல்லாமல் கிடக்கு."

நான் கதிரைக் கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். ஆனால் வாயை விடேல்லை.

"தம்பி, நாலு மெசின் மேசையில கிடந்துது. எங்கட பிழை, எங்கட புகை, மெசினில ஒரு பழுதும் இல்லை எண்டு இப்பதானே சொன்னனீங்கள்? ஒரு மனுசன் மூச்சில்லாமல் கிடக்கேக்க ஏன் அதில ஒண்டை எடுக்கேல்லை?"

லதீசன் முழங்காலில இருந்தபடியே தலையைத் திருப்பி மேசையைப் பார்த்தான். நெத்தியில வேர்வை, ஏசி அவ்வளவு குளிர்.

"நீங்களெல்லாரும் பார்த்தியள்தானே?" எண்டு கேட்டன்.

"பார்த்தம்" எண்டார் கனகரத்தினம் அண்ணை.

லதீசன் எழும்பிப் போனை எடுத்தான். "கொழும்பில கேக்கவேணும் அன்ரி. மற்றதுகளுக்கு என்னால முடிவெடுக்க ஏலாது. நாளைக்கு..."

"கேளுங்கோ" எண்டன். "நாங்கள் அவசரப்படுத்தேல்லை. நீங்கள் கேட்டு முடிக்குமட்டும் இதில இருந்து ஒரு நித்திரை கொள்ளுறம்."

சுபைதா அக்கா முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு ஒரு கதிரையில இருந்து கண்ணை மூடினா. சஜீத் தம்பி சுவரோரமா நிலத்தில இருந்தார். கனகரத்தினம் அண்ணை விடியக் கருக்கலில தம்பலகாமத்தில இருந்து பஸ் ஏறி வந்த மனுசன், கதிரையில சாய்ஞ்சார், அவ்வளவுதான். ஒரு நிமிசத்தில குறட்டை தொடங்கினது. கண்ணாடிக் கதவு அதிர்ந்துது.

லதீசன் போனைக் காதில வைச்சுக்கொண்டு நிண்டான். அதே பாட்டுத்தான் போகுது, எனக்கும் கேட்டுது. அவன்ர கண் கனகரத்தினம் அண்ணையிலயே இருந்தது.

குறட்டை டக்கெண்டு நிண்டுது.

நான் அவனைப் பார்த்தன். அவன் என்னைப் பார்த்தான். பாட்டு இன்னும் முடியேல்லை. அவன் போனை மேசையில வைச்சிட்டு உள்ளுக்க ஓடினான். பின்னறையில பெட்டிகள் கிழியிற சத்தம் கேட்டுது.